ரோமானியக் காதணியில் முத்து இல்லாத கம்பி: புது முத்து கோக்கலாமா, அப்படியே விடலாமா?

#1 | கடலோடி

நண்பர்களே, பழைய நகைகளின் நுட்பம் தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன். ரோமானியர் காலத்துக் காதணிகளில் ஒரு வகை உண்டு. காதில் மாட்டும் கொக்கி, அதன் கீழே குறுக்காக ஒரு தங்கப் பட்டை, பட்டையிலிருந்து தொங்கும் இரண்டு மூன்று கம்பிகள், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு முத்து. கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் ரோமப் பேரரசில் இந்த வடிவம் நன்றாக ஓடியிருக்கிறது. பழைய மத்தியதரைக்கடல் நாகரிகங்களுக்கென்று ஒரு கூடம் வைத்திருக்கும் பெரிய அருங்காட்சியகங்களில் இதைப் பார்க்கலாம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். பல காதணிகளில் கம்பி மட்டும் இருக்கிறது, முத்து இல்லை. சிலவற்றில் ஒரு கம்பியில் முத்து இருக்கும், பக்கத்துக் கம்பி மொட்டையாக நிற்கும். இருக்கிற முத்தும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து, நீரோட்டம் என்று சொல்லும் அந்த உள்ளொளியே இல்லாமல் கிடக்கும். தங்கமோ நேற்று மெருகு போட்டது போலப் பளபளக்கும். பார்க்க வருகிறவர்கள் தங்கத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த நகையின் உயிரே முத்துதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கேள்விகள்: முத்து எங்கே போனது? மிச்சமிருக்கும் அந்த வெளுத்த முத்து அசல்தானா, இடையில் யாராவது கோத்ததா? காலியான கம்பியில் ஒரு நல்ல முத்தைக் கோத்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

#2 | சிப்பியின்உள்ளே

கடலோடி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன், முத்து என்றால் எங்களுக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான்.

முத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அரகோனைட் என்ற படிக வடிவில். மைக்ரான் அளவுக்கும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகடுகளுக்கு நடுவே காங்கியோலின் என்ற புரதம் பசை போலப் பிடித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் ஈரமும் இருக்கும். ஒளி இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்புவதால்தான் நீரோட்டம் தெரிகிறது. புரதம் காய்ந்து சுருங்கினால் அடுக்கு விட்டுப்போகும், ஒளி சிதறும், முத்து வெளுத்த மண்ணுருண்டை மாதிரி ஆகிவிடும். தோல் உரிவது போல மேலடுக்கு உரிந்து விழுவதும் உண்டு.

மண்ணுக்குள் இருந்தால் இதைவிட மோசம். தங்கத்தை மண்ணில் உள்ள எதுவும் அவ்வளவாகத் தொடாது. கார்பனேட்டோ கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள நீர் பட்டாலே கரைய ஆரம்பிக்கும். கல்லறையில் வைத்த காதணி என்றால் உடல் சிதையும்போது உண்டாகும் அமிலங்களும் சேர்ந்துகொள்ளும். ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்துத் தோண்டினால் கம்பி கிடைக்கும், முத்து கிடைக்காது. வறண்ட இடம், சுண்ணாம்புத் தன்மை உள்ள மண், அல்லது காற்றுப் புகாத பெட்டி, இப்படி ஏதாவது ஒரு அதிர்ஷ்டம் இருந்தால்தான் முத்து மிஞ்சும்.

ஆகவே முத்து இல்லாத கம்பியைப் பார்த்ததும் யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மண் எடுத்துக்கொண்டதுதான்.

#3 | நகைப்பட்டறை

நான் தங்க வேலை செய்கிறவன். மூன்றாவது கேள்விக்கு என் பதில்: கோக்கலாம், கோக்க வேண்டும்.

நகை என்பது அசைவதற்குச் செய்தது. அந்தக் காதணியில் கம்பிகள் தனித்தனியாக ஆடும்படி வளையம் விட்டிருக்கிறான் பாருங்கள், ஏன்? தலை திரும்பினால் முத்தும் முத்தும் மோத வேண்டும். அதற்காகத்தான் பட்டையின் அகலம், கம்பியின் நீளம் எல்லாவற்றையும் கணக்குப் பண்ணியிருக்கிறான். முத்தின் எடை இல்லாமல் அந்தக் கம்பி தொங்கும் விதமே வேறு. முத்து இல்லாத காதணியைக் காட்டி, "இதுதான் ரோமானியக் கைவேலை" என்று சொல்வது அதைச் செய்தவனுக்குச் செய்யும் அநியாயம்.

சிலை உடைந்தால் மூக்கு வைக்காதே என்கிறார்கள், சரி. மூக்கு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. முத்து அப்படியா? உருண்டையாக இருந்தது, வெள்ளையாக இருந்தது, கம்பியின் நீளத்தைப் பார்த்தாலே எவ்வளவு பெரிது என்று நானே சொல்லிவிடுவேன். இதில் கற்பனைக்கு எங்கே இடம்?

#4 | மடல்மரபு

நகைப்பட்டறை அண்ணா சொன்ன மோதல் சத்தம் ஊகம் இல்லை, எழுத்திலேயே இருக்கிறது. கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார்: பெண்கள் காதில் இரண்டு மூன்று முத்துகளைத் தொங்கவிட்டுக்கொள்வதைப் பெருமையாக நினைத்தார்கள், அந்தக் காதணிகளுக்கு குரோட்டாலியா என்று பெயர் வைத்திருந்தார்கள், முத்துகள் மோதும் ஒலியிலும் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. பிளினிக்கு இந்த ஆடம்பரம் பிடிக்காது. ஆனாலும் எவ்வளவு கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்!

அதே இடத்தில் லோல்லியா பவுலினாவைப் பற்றியும் சொல்கிறார். ரோமப் பேரரசர் கலிகுலாவின் மனைவியாக இருந்தவர். பெரிய விழா ஒன்றும் இல்லை, சாதாரண நிச்சயதார்த்த விருந்து. அதற்குத் தலை, காது, கழுத்து, விரல் என்று மரகதமும் முத்துமாக 4 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) மதிப்புக்கு அணிந்து வந்தாராம். யாராவது கேட்டால் காட்டுவதற்கு, அவை தனக்குச் சொந்தம் என்று நிரூபிக்கும் ஆவணங்களையும் தயாராக வைத்திருந்தாராம். அந்தச் செல்வம் பேரரசரின் பரிசுகூட இல்லை, பாட்டனார் மாகாணங்களில் சுரண்டிச் சேர்த்தது என்று பிளினி குத்திக் காட்டுகிறார். நகையும் அதன் வந்த வழிக் காகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு பெண் தெரிந்து வைத்திருந்தார்.

முத்து எங்கிருந்து போனது என்பதற்கும் சாட்சி உண்டு. அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, பாண்டிய நாட்டின் கொல்கோய் துறையில், அதாவது கொற்கையில், முத்துக்குளிப்பு நடந்ததையும் தண்டனை பெற்ற கைதிகளை அதில் இறக்கியதையும் சொல்கிறது. பாரசீக வளைகுடா இன்னொரு பெரிய மூலம். ஒரு குறிப்பிட்ட காதணியில் இருக்கும் முத்து இந்த இரண்டில் எந்தக் கடல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் விவரப் பலகையை நான் நம்ப மாட்டேன்.

#5 | சிப்பியின்உள்ளே

> உருண்டையாக இருந்தது, வெள்ளையாக இருந்தது... இதில் கற்பனைக்கு எங்கே இடம்?

நிறைய இடம் இருக்கிறது அண்ணா. முதலில், முத்துதான் இருந்தது என்று எப்படித் தெரியும்? இதே வடிவக் காதணியில் மரகதம், கார்னெட், கண்ணாடி மணி கோத்தவையும் கிடைத்திருக்கின்றன. கம்பி மட்டும் மிஞ்சினால் நுனியில் இருந்தது எது என்று கம்பியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் கம்பியின் இடுக்கில், வளையத்தின் உட்புறத்தில், வெள்ளைப் பொடி கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது கார்பனேட்தானா, அப்படியென்றால் அரகோனைட்டா, இல்லை சுற்றியிருந்த மண்ணிலிருந்து வந்த கால்சைட் என்ற இன்னொரு படிக வடிவமா என்று, ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் ராமன் நிறமாலைச் சோதனை சொல்லிவிடும். அரகோனைட் என்றால் முத்து அல்லது சிப்பி இருந்ததற்கான வலுவான அடையாளம். இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பொடிதான்.

இப்போது ஒரு புது முத்தை அங்கே செருக வேண்டும் என்று வையுங்கள். கம்பியின் மடிப்பை நிமிர்த்த வேண்டும், முத்தைக் கோக்க வேண்டும், மறுபடி மடக்க வேண்டும். பொடி உதிரும். பல தலைமுறை கை படாமல் இருந்த மடிப்பு அது என்று சொல்ல முடியாவிட்டாலும், செய்தவன் மடக்கிய மடிப்பாகவே இருக்கலாம். மண்ணில் நெடுங்காலம் கிடந்த பழைய தங்கக் கம்பி சில நேரம் உள்ளுக்குள் விரிசல் விட்டு நொறுங்கும் தன்மையோடு இருக்கும். ஒருமுறை நிமிர்த்தினால் கையோடு வந்துவிடும்.

முத்து எப்படி இருந்தது என்பதை மக்களுக்குக் காட்ட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதற்கு நல்ல வழி ஒன்று கைவசம் இருக்கிறது. எகிப்தின் ஃபையூம் பகுதியில் கிடைத்த மம்மி ஓவியங்கள். மரப்பலகையில் மெழுகு வண்ணத்தால் எழுதிய முகங்கள், கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு. அவற்றில் பல பெண்கள் இதே குறுக்குப் பட்டைக் காதணிதான் போட்டிருக்கிறார்கள். ஓவியன் முத்துக்குச் சாம்பல் வட்டம் வைத்து, அதன் மேல் ஒரே ஒரு வெள்ளைத் தீற்று இழுத்திருப்பான். அந்த ஒரு தீற்றில் நீரோட்டம் வந்துவிடும். காதணிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு ஓவியத்தின் படத்தை வைத்தால், கம்பியைத் தொடாமலேயே முத்து திரும்பிவிடும்.

#6 | நகைப்பட்டறை

மடிப்பை நிமிர்த்தும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பழைய நகை பழுதுக்கு வந்தால் நானும் கம்பியில் கை வைக்க யோசிப்பேன். ஆனால் படம் போதும் என்பதை ஏற்க முடியவில்லை. படம் ஆடாது, ஒலிக்காது. இதற்கு அப்புறம் வருகிறேன்.

கடலோடியின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது, அசலா, பின்னால் கோத்ததா என்று. பட்டறையில் உட்கார்ந்தவன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில் கம்பியைப் பாருங்கள். இன்றைக்கு நாங்கள் இரும்புத் தகட்டில் வரிசையாகப் போட்ட துளைகளில் ஒன்றுக்கு அப்புறம் ஒன்றாகக் கம்பியை இழுத்து மெலிதாக்குகிறோம். அப்படி இழுத்த கம்பியில் நீளவாக்கில் நேரான கீறல் ஓடும். ரோமானியக் கைவினைஞர் பொதுவாக அப்படிச் செய்யவில்லை. தங்கத் தகட்டிலிருந்து மெல்லிய கீற்று வெட்டி அதை முறுக்கி, இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே உருட்டிக் கம்பியாக்கினார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் முறுக்கின் தையல் சுருள் சுருளாகக் கம்பியைச் சுற்றிப் போவது தெரியும். இழுத்த கம்பி பரவலானது முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில். ஆகவே காதணியின் உடம்பில் சுருள் தையலும், முத்து கோத்த கம்பியில் மட்டும் நேர்க் கீறலும் இருந்தால், அந்தக் கம்பி பின்னால் வந்தது. கம்பி பின்னால் வந்தால் முத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது துளை. இயற்கை முத்தை எடை போட்டு விற்பார்கள், எடை கூடக் கூட விலை அதன் வர்க்கத்தை ஒட்டி ஏறும். அதனால் துளை போடுகிறவன் ஒரு தூசு கூட வீணாக்க மாட்டான். வில்லால் சுழற்றும் துரப்பணத்தை வைத்து இரண்டு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சேர்ப்பான். சேரும் இடத்தில் ஒரு சின்னப் பிசகு இருக்கும். ஒரே நேராக, அகலமாக, சுத்தமாக ஒரு துளை ஓடினால் இயந்திரத் துளை என்று சந்தேகப்படலாம்.

பற்றவைப்பையும் பார்க்க வேண்டும். நாங்கள் பொடி வைத்து, அதாவது எளிதில் உருகும் கலப்பு உலோகத்தை வைத்து, ஊதிப் பற்றவைக்கிறோம். பழைய ஆட்கள் சிறு தங்க உருண்டைகளைத் தகட்டில் ஒட்ட வைத்த விதமே தனி. தாமிர உப்பைப் பசையோடு கலந்து தடவிச் சூடாக்கினால் உப்பு தாமிரமாக மாறித் தங்கத்தோடு கலந்து, தொடும் புள்ளியில் மட்டும் உருகிப் பிடித்துக்கொள்ளும். பொடி வழிந்த தடமே இருக்காது. இன்றைய பொடியில் காட்மியம் சேர்ப்பது ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. காட்மியம் என்ற உலோகத்தையே 1817-இல்தான் கண்டுபிடித்தார்கள். என்னென்ன தனிமம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனையில் பற்றவைத்த இடத்தில் காட்மியம் தெரிந்தால், பின்னால் கை வைத்தது என்ற சந்தேகம் வலுவாகிவிடும்.

#7 | புதுவரவு

இவ்வளவு நுட்பமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி. ஒரு சந்தேகம். முத்தையே நேரடியாகச் சோதித்து வயது சொல்ல முடியாதா? எக்ஸ்-கதிர் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

#8 | சிப்பியின்உள்ளே

புதுவரவு, எக்ஸ்-கதிர் வயதைச் சொல்லாது. இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்று சொல்லும். இயற்கை முத்தை வெட்டிப் பார்த்தால் வெங்காயம் போல நடுவிலிருந்தே வளையம் வளையமாக இருக்கும். கடல் வளர்ப்பு முத்தில் பெரும்பாலும் நடுவே சிப்பி ஓட்டிலிருந்து செதுக்கிய மணி ஒன்று இருக்கும், அதன் மேல்தான் முத்துப்படலம் படிந்திருக்கும். மிகிமோட்டோ கோகிச்சி ஜப்பானில் அரைவட்ட வளர்ப்பு முத்தை எடுத்தது 1893-இல். முழு உருண்டை சந்தைக்கு வந்தது அதற்கும் பிறகு, 20-ஆம் நூற்றாண்டில். எனவே ரோமானியக் காதணியில் உள்ளே மணி வைத்த முத்து தெரிந்தால் விவாதமே வேண்டாம், அது புதிது. ஆனால் உள்ளே மணி இல்லை என்பதால் மட்டும் பழையது என்று ஆகிவிடாது. 19-ஆம் நூற்றாண்டு வியாபாரி ஒருவன் நல்ல இயற்கை முத்தையே கோத்து விற்றிருக்கலாம்.

வயதுக்குக் கார்பன் கணிப்பு உண்டு. இப்போது சில மில்லிகிராம் பொடி இருந்தாலே போதும், துளையின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுத்துவிடுவார்கள், வெளியே தெரியாது. ஒரு எச்சரிக்கை: கடல் நீரில் உள்ள கார்பன் ஏற்கெனவே பழையது. திருத்தம் போடாமல் கணக்கிட்டால் கடல் முத்து தன் உண்மை வயதைவிடச் சில நூறு வருடம் மூத்ததாகக் காட்டும். கடலுக்குக் கடல் இந்தத் திருத்தமும் மாறும். முத்து எந்தக் கடல் என்று தெரியாதபோது இது சிக்கல்தான், ஆனால் ரோமானியமா, விக்டோரியா காலமா என்று பிரிக்கத் தாராளமாகப் போதும்.

#9 | ஆவணப்பெட்டி

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நுண்ணோக்கி, கார்பன் எல்லாம் சரி. அதற்கு முன்னால் எல்லாரும் திறக்க வேண்டியது பதிவேடு. அருங்காட்சியகத்துக்கு அந்த நகை எப்போது, யாரிடமிருந்து, எந்த நிலையில் வந்தது? வந்தபோது எடுத்த படம் இருக்கிறதா? அந்தப் படத்தில் அந்த முத்து இருக்கிறதா? பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

தங்கமும் முத்தும் சேர்ந்த பழைய நகைகளில் பெரும்பகுதி அகழாய்விலிருந்து நேராக வந்தவை அல்ல, வியாபாரிகள் வழியாக வந்தவை. எகிப்தின் அஸ்யூட் புதையலை எடுத்துக்கொள்ளுங்கள். பைசாந்தியக் காலத் தங்க நகைகள், முத்தும் மணியும் கோத்தவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியே வந்தது. கைமாறிக் கைமாறி இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பெர்லின், வாஷிங்டனின் ஃப்ரீயர் என்று சிதறிக் கிடக்கிறது. எந்த இடத்தில், எதனோடு எது சேர்ந்து கிடந்தது என்பதற்கு ஒழுங்கான அகழாய்வுக் குறிப்பு கிடையாது. வியாபாரி கையில் இருந்த காலத்தில் எந்தச் சரத்தில் எந்த முத்து ஏறியது என்று யார் சொல்வது?

வியாபாரிகளும் கைவினைஞர்களும் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1896-இல் 2,00,000 பிராங்க் கொடுத்து, சைட்டாஃபெர்னிஸ் என்ற பழங்கால மன்னனின் பொன்முடி என்று ஒன்றை வாங்கியது. அதைச் செய்தவர் ஒடெஸ்ஸாவில் உயிரோடு இருந்த இஸ்ரேல் ரூக்கோமோவ்ஸ்கி என்ற பொற்கொல்லர். 1903-இல் அவரே பாரிஸுக்கு வந்து செய்து காட்டி நிரூபித்தார். அவர் கைவேலை அவ்வளவு சுத்தம். இது முத்து இல்லாத தங்கம். முத்து உள்ளதற்கு மெட்ரோபாலிட்டனில் இருக்கும் ரொஸ்பிலியோசிக் கிண்ணம். தங்கத்தில் எனாமல் வேலை, கைப்பிடியாக உட்கார்ந்திருக்கும் ஸ்ஃபிங்க்ஸின் (பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம்) மார்பில் ஒரு முத்து தொங்கும். 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி செய்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஜெர்மனியின் ஆஹன் நகரப் பொற்கொல்லர் ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸின் வரைபடங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 1970-களின் இறுதியில் அவற்றைப் பொருள்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்ததும், மறுமலர்ச்சிக் காலத்தவை என்று பல இடங்களில் வைத்திருந்த முத்து நகைகள் 19-ஆம் நூற்றாண்டுக்கு இறங்கி வந்தன. இந்தக் கிண்ணமும் அதில் ஒன்று.

அதனால்தான் காலிக் கம்பியில் புது முத்து என்றாலே நான் பதறுகிறேன். நல்ல எண்ணத்தோடு இன்று கோத்தது, ஐம்பது வருடத்தில் பதிவேட்டின் ஒரு பக்கம் தொலைந்தால், அசலாகிவிடும்.

#10 | மடல்மரபு

ஆவணப்பெட்டி, நீங்கள் சொன்னதற்கு நேர் எதிரான ஒரு நிலையையும் இங்கே வைக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் கொடுத்த நகைகள் இன்று இல்லை. பட்டியல் மட்டும் கல்லில் இருக்கிறது, அதுவும் எப்படிப்பட்ட பட்டியல்! ஒவ்வொரு நகையிலும் எத்தனை முத்து, என்ன வகை என்று பிரித்திருக்கிறார்கள். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர். பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும், ரத்தினம் முத்து பதித்தவற்றைத் தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்துக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை எழுதியிருக்கிறார்கள். நகையின் உள்ளே இருக்கும் அரக்கைக் கூடக் கணக்கில் விடவில்லை.

குறையுள்ள முத்தையும் குறையோடு எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இரட்டையாக ஒட்டியது, கரடுமுரடானது, சிவந்த நீருள்ளது, எதையும் மறைக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இந்த நேர்மைக்கு முன்னால் "தங்கம், முத்து" என்று இரண்டே சொல்லில் முடியும் இன்றைய விவரப் பலகை எனக்குப் போதவில்லை. எத்தனை முத்து, எவை மிஞ்சியவை, எவை மாற்றியவை, நூல் எப்போது மாற்றியது என்று நான்கு வரி எழுத இடமா இல்லை?

#11 | புதுவரவு

கொஞ்சம் விலகிய கேள்வி, மன்னிக்கவும். வீட்டில் பழைய முத்துச்சரம் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? கழுவலாமா?

#12 | சிப்பியின்உள்ளே

சுருக்கமாகச் சொல்கிறேன். மீயொலிக் கருவி, நீராவி, அம்மோனியா கலந்த நகைக் கழுவி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. மெல்லிய துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்து, தட்டையாகப் போட்டு உலர்த்துங்கள். நூல் ஈரமாக இருக்கும்போது தொங்கவிடாதீர்கள், நீண்டுவிடும். காற்றே புகாத பிளாஸ்டிக் பையில் வருடக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டாம். தங்கத்தின் கூர்மையான விளிம்பு முத்தில் உரசாமல் தனியாக வையுங்கள். முத்தின் கடினம், 10 வரை போகும் மோஸ் அளவில் 2.5 முதல் 4.5 வரைதான், எளிதில் கீறல் விழும்.

மரப்பெட்டியிலும் கவனம் தேவை. ஓக் போன்ற மரங்கள் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது சேர்ந்தால் சிப்பி, முத்து மேல் வெள்ளை உப்பாகப் பூக்கும். அருங்காட்சியகங்களில் சிப்பித் தொகுப்புகளே இப்படி அழிந்திருக்கின்றன. இதனால் பேழைக்குள் போடும் துணி, பலகை, பசை எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதிப்போம். வெள்ளி, தாமிரம், ஈயத் துண்டுகளை அந்தப் பொருளோடு ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் ஈரத்தோடு அடைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பது வழக்கம். ஈயம் வெளுத்தால் அந்தப் பலகை முத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் கொண்டுவந்த முறை இது, இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம்.

#13 | கடலோடி

எல்லாருக்கும் நன்றி. படித்த பிறகு பார்வை கொஞ்சம் கூர்மையாகியிருக்கிறது. லூவ்ரில் இருக்கும் சூசா முத்துமாலையின் விவரத்தைத் தேடிப் பார்த்தேன். 1901-இல் ஜாக் டி மார்கன் ஈரானின் சூசாவில் தோண்டியபோது ஒரு வெண்கலச் சவப்பெட்டியில் கிடைத்தது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. மூன்று சரம், இடையிடையே தங்கம். இப்போது பேழையில் தெரியும் வரிசை கண்டெடுத்த பின் கோத்ததுதான். ஆனால் முத்துகள் அந்தப் பெட்டியில் கிடந்த அதே முத்துகள். பின்னால் கோத்தது வேறு, பின்னால் கொண்டுவந்தது வேறு. இந்த இழையைத் திறந்தபோது நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

முத்து மண்ணில் மிஞ்சாது என்பதற்கு ஒரு விதிவிலக்கும் கண்ணில் பட்டது. அபுதாபியின் மராவா தீவில் 2017-இல் கிடைத்த முத்து, சுமார் 8,000 வருடம் பழையது. 2019-இல் லூவ்ர் அபுதாபியில் காட்சிக்கு வைத்தார்கள். வெளிர் இளஞ்சிவப்பில் ஒரு சின்னப் பொட்டு, அவ்வளவுதான். அது கிடைத்த அடுக்கின் கார்பன் கணிப்பும் அகழாய்வுக் குறிப்பும் கூடவே இருப்பதால்தான் அதற்கு அந்த மதிப்பு.

நகைப்பட்டறை அண்ணா, "அப்புறம் வருகிறேன்" என்றீர்களே. நான் காத்திருக்கிறேன்.

#14 | நகைப்பட்டறை

வந்துவிட்டேன். அசலில் கை வைக்க வேண்டாம். ஆனால் பேழைக்குப் பக்கத்தில் ஒரு நகல் வைக்க வேண்டும், அதை அச்சில் வார்த்து வைக்கக் கூடாது. கீற்றை முறுக்கி உருட்டின கம்பி, தாமிர உப்பு வைத்த பற்றவைப்பு, வில் துரப்பணத்தில் போட்ட துளை, எல்லாம் அவன் செய்த மாதிரியே செய்ய வேண்டும். செய்தால்தான் அசலில் எந்த இடத்தில் கை தடுமாறியிருக்கிறது, எந்த இடத்தில் அவன் அசாத்தியமாக இருந்திருக்கிறான் என்று தெரியும். நகலை ஒரு தாங்கியில் தொங்கவிட்டு, பார்க்க வருகிறவர் ஒரு விரலால் ஆட்டிவிடலாம் என்று விடுங்கள். முத்து மோதும் சத்தம் கேட்கட்டும். எவ்வளவு மெல்லிய சத்தம் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். காதுக்கு அவ்வளவு பக்கத்தில் தொங்கினால் அதைப் போட்டவளுக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

#15 | சிப்பியின்உள்ளே

இதற்கு என் இரண்டு கையையும் தூக்குகிறேன். ஒரே நிபந்தனை: நகலின் பின்புறத்தில், உருப்பெருக்கி இல்லாமலே தெரியும் அளவுக்கு, செய்த ஆண்டைப் பொறித்துவிடுங்கள்.

#16 | ஆவணப்பெட்டி

பதிவேட்டில் நகலுக்குத் தனி எண் போட வேண்டும், அசலின் எண்ணோடு ஒரு எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்துப் பின்னால் குழம்பிய பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

#17 | மடல்மரபு

நகலுக்கு எந்த முத்து கோப்பது, அண்ணா? வளர்ப்பு முத்து என்றால் மிக உருண்டையாக, ஒன்றுபோல இருக்கும். ஃபையூம் ஓவியங்களில் கூட முத்துகள் ஒரே அளவில் இல்லை.

#18 | நகைப்பட்டறை

சரியான கேள்வி. உருண்டை தப்பிய சின்ன முத்துகளாக எடுக்க வேண்டும், ஒரு ஜோடியில் ஒன்று கொஞ்சம் நீண்டிருந்தாலும் பரவாயில்லை. துளையைக் கம்பிக்குத் தக்கபடி நானே போட வேண்டும், கடையில் துளைத்து வருவது அகலம். எடை மட்டும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் மாறிவிடும். ஒரு கம்பியில் மட்டும் முத்து மிஞ்சிய காதணி ஒன்றை அசலாக எடுத்துக்கொண்டு, அந்த ஒற்றை முத்தின் விட்டத்தை யாராவது அளந்து கொடுத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். வெளுத்து உரிந்ததில் கொஞ்சம் தேய்ந்திருக்கும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.